ஒரு வீடு இரண்டான வரலாறு

அயலாரோடு ஏற்படும் வழக்கு பெரும்பாலும் வரப்போடு முடிந்துவிடும். உடன்பிறந்தாரோடு ஏற்படும் வழக்கோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும். ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள், ஒரே பாட்டனாரின் பெயரைச் சொல்லிக் கொள்பவர்கள், ஒரே பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு உண்மையான வாரிசு நான்தான்" என்று வாதாடும்போது அந்த வழக்கில் காணப்படும் கசப்பு வேறெந்த வழக்கிலும் காணப்படுவதில்லை. குடும்பங்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை சமயங்களுக்கும் பொருந்தும். யூத சமயத்திலிருந்து கிறித்தவம் தோன்றிப் பின்னர் அதனின்றும் பிரிந்து சென்ற வரலாறே இதற்குப் பெருஞ்சான்றாகும்.

இரு சாராரும் இப்ராஹீம் நபி (அலை) அவர்களைத் தம் தந்தை என்கின்றனர். மூஸா நபி (அலை) அவர்கள் பெற்ற சட்டத்தையும், தாவூது நபி (அலை) அவர்களின் துதிகளையும் இருவருமே வேதமாக ஓதுகின்றனர். இருவருக்கும் பைத்துல் முகத்தஸ் புனித நகரம். இருந்தும், பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்விருவருக்குமிடையே நிலவிய பகைமை உலகில் எத்தனையோ கண்ணீருக்குக் காரணமாயிற்று. இவர்களைப் பிரித்தது கொள்கை ஒன்று மட்டுந்தானா? வேறுபாடு பகைமையாக உருமாறியது எந்த இடத்தில்? அந்தப் பொறுப்பு யாருடையது? இக்கேள்விகள் நமக்கு அயலாரின் கேள்விகள் அல்ல. நாமும் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வழியினர் என்று சொல்லிக் கொள்பவர்கள். இரு சாராரையும் வேதக்காரர்கள் என்ற மதிப்பான பெயரால் அழைக்கக் கற்பிக்கப்பட்டவர்கள். ஆதலின் இதனை நிதானமாகச் சிந்திப்பது நம் கடமை.

பல கிளைகள் கொண்ட ஒரு மரம்

ஈசா நபி (அலை) அவர்கள் வாழ்ந்த காலத்தில் யூத சமயம் ஒரே முகம் கொண்டதாக இருக்கவில்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், தம் காலத்து யூதரிடையே நிலவிய பிரிவுகளை விவரிக்கிறார். சதுசேயர் என்போர் ஆலயத்தைச் சார்ந்த குருமார் குடும்பத்தினர். செல்வமும் செல்வாக்கும் உடையவர்கள். இறந்தபின் மீண்டும் எழுப்பப்படுதலை மறுத்தவர்கள். பரிசேயர் என்போர் மறுமையை நம்பியவர்கள். எழுதப்பட்ட சட்டத்தோடு முன்னோர் வாய்வழியாக வழங்கிய விளக்கங்களையும் பேணியவர்கள். பொதுமக்களிடம் மதிப்புப் பெற்றவர்கள். எஸ்ஸீனியர் என்போர் தூய்மையை நாடி ஒதுங்கி வாழ்ந்தவர்கள். சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் 1947ஆம் ஆண்டு முதல் கண்டெடுக்கப்பட்ட தோற்சுருள்களை இவர்களோடு தொடர்புடையவை என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். இவர்களன்றி, உரோமரை வாளால் விரட்ட வேண்டும் என்று துடித்தவர்களும் இருந்தனர்.

கி.மு. 63இல் உரோமத் தளபதி பாம்பே பைத்துல் முகத்தஸினுள் நுழைந்தது முதல் அம்மக்கள் அந்நியரின் வரிக்கும் வாளுக்கும் அடங்கி வாழ்ந்தனர். துன்பம் மிகுந்த காலத்தில் மக்கள் மீட்பர் ஒருவரை எதிர்பார்ப்பது இயல்பன்றோ? எண்ணெய் பூசப்பட்டவர் என்னும் பொருளில் 'மாஷியாஹ்' என்று அவரை எபிரேய மொழியில் அழைத்தனர். அரபியில் 'மஸீஹ்' என்பதும் அதுவே. கிரேக்கத்தில் 'கிறிஸ்டோஸ்' என மொழிபெயர்க்கப்பட்டதும் அதுவே. ஆகக் கிறித்தவம் என்னும் பெயரே யூதரின் எதிர்பார்ப்பு ஒன்றின் மொழிபெயர்ப்புத்தான்.

இத்தகைய சூழலில்தான் யஹ்யா நபி (அலை) அவர்களின் குரலும், அதனை அடுத்து ஈசா நபி (அலை) அவர்களின் போதனையும் ஒலித்தன. ஈசா நபி (அலை) அவர்கள் யூத சமுதாயத்தில் பிறந்து, யூதரின் தொழுகைக் கூடங்களில் போதித்து, யூதரின் பண்டிகைகளுக்குப் புனித நகரம் சென்றவர்கள் என்பதைக் கிறித்தவர்களின் சுவிசேஷங்களே கூறுகின்றன. ஓய்வுநாளில் நோயாளியைக் குணப்படுத்தலாமா என்பது போன்ற விவாதங்கள் அந்நூல்களில் இடம்பெறுகின்றன. இவை ஒரு சமயத்துக்கும் மற்றொரு சமயத்துக்கும் இடையே நடந்த விவாதங்கள் அல்ல. ஒரே வீட்டாருக்குள் நடந்த விவாதங்கள். உயிருக்கு ஆபத்து நேரும்போது ஓய்வுநாள் சட்டம் விலகி நிற்கும் என்று பின்னர் யூத அறிஞர்களும் விதித்தனர். மென்மையான ஹில்லலின் பள்ளியும், கடுமையான ஷம்மாயின் பள்ளியும் இதைவிடக் காரசாரமாக வாதிட்டிருக்கின்றன. ஆயினும் அவை இரண்டு சமயங்கள் ஆகிவிடவில்லை.

பந்தியில் எழுந்த கேள்வி

ஈசா நபி (அலை) அவர்களுக்குப்பின் அவர்களைப் பின்பற்றியோர் ஆலயத்துக்குச் செல்வதை நிறுத்திவிடவில்லை. அவர்களின் தலைவராக விளங்கிய யாக்கோபு என்பவர் சட்டத்தைப் பேணுவதில் பெயர் பெற்றவர். கி.பி. 62இல் தலைமைக் குரு அனானஸ் அவரைக் கொல்வித்தபோது நிகழ்ந்த ஒன்றை ஜோசபஸ் குறித்து வைத்துள்ளார். நகரில் நியாய உணர்வு மிக்கவர்களும், சட்டத்தை நுணுக்கமாகப் பேணுபவர்களும் அச்செயலை வெறுத்தனர், மேலிடத்தில் முறையிட்டனர், அனானஸ் பதவி இழந்தார். ஈசா நபி (அலை) அவர்களைப் பின்பற்றிய ஒருவருக்காகப் பக்தியுள்ள யூதர்கள் வாதாடிய நிகழ்ச்சி இது. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் வீடு இரண்டாகவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆனால் வடக்கே, சிரியாவின் அந்தியோக்கியா நகரில், புதியதொரு கேள்வி தலைதூக்கியிருந்தது. யூதரல்லாத கிரேக்கர் பலர் இப்புதிய போதனையை ஏற்று வந்தனர். இவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா? உணவில் ஆகுமானது, ஆகாதது என்ற சட்டங்கள் இவர்களையும் கட்டுப்படுத்துமா? இவர்களோடு யூதர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாமா? சுன்னத்தும் ஹலாலும் நம் அன்றாட வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியவை என்பதை அறிந்த நமக்கு, இக்கேள்விகள் அம்மக்களின் நெஞ்சை எப்படி உலுக்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஏறத்தாழ கி.பி. 49இல் புனித நகரில் கூடிய ஆலோசனைக் கூட்டம், யூதரல்லாதார் மீது முழுச் சட்டத்தையும் சுமத்துவதில்லை என்று முடிவு செய்தது. சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், குரல்வளை நெரிக்கப்பட்டுச் செத்தவை, ஒழுக்கக்கேடு ஆகியவற்றினின்றும் விலகினால் போதும் என்று கூறப்பட்டது. ஆயினும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டுவந்த பேதுரு, யாக்கோபின் தரப்பினர் சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார் என்றும், பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் என்றும் பவுலே தம் கடிதத்தில் எழுதுகிறார். ஆக, முதற்பிளவு தோன்றிய இடம் மன்றமும் அன்று, போர்க்களமும் அன்று. உணவு பரிமாறப்பட்ட பந்தி.

இங்கே நம்மிடையே பரவலாக வழங்கும் எளிய விடை ஒன்றைப் பரிசீலிப்பது தகும். "எல்லாவற்றுக்கும் பவுல் ஒருவரே காரணம், அவரே புதுச் சமயத்தை உண்டாக்கினார்" என்று நம்மவர் பலர் சொல்லக் கேட்கிறோம். சட்டத்தைப் பற்றியும், ஈசா நபி (அலை) அவர்களின் நிலையைப் பற்றியும் பவுல் எழுதியவை பிற்காலக் கிறித்தவத்துக்கு அடித்தளமாயின என்பது உண்மையே. அவற்றுள் நாம் ஏற்க முடியாதவை பல உண்டு என்பதும் வெளிப்படை. எனினும் ஒரு தனிமனிதர் மீது முழுப் பொறுப்பையும் ஏற்றிவிட்டால் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடத்தை நாம் இழந்துவிடுவோம். பவுல் அந்தியோக்கியாவுக்கு வருமுன்னரே அங்கே கிரேக்கர்கள் சேர்க்கப்பட்டிருந்தனர் என்று கிறித்தவர்களின் நூலே கூறுகிறது. தாம் பரிசேயர், இஸ்ரவேலின் வழித்தோன்றல் என்று பவுல் பெருமையோடு எழுதியவர். புதியதொரு சமயத்தைத் தொடங்குவதாக அவர் எங்கும் கூறவில்லை. அவர் மறைந்த பின்னர் நிகழ்ந்தவையே ஒரு குடும்பத்தின் உள்விவாதத்தை இரண்டு சமயங்களாக இறுகச் செய்தன.

நெருப்பும் வரியும்

கி.பி. 66இல் யூதர்கள் உரோமை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். நான்காண்டுப் போருக்குப்பின், கி.பி. 70இல், டைட்டஸின் படை பைத்துல் முகத்தஸைத் தரைமட்டமாக்கியது. ஆலயம் எரிந்தது. பலியும், குருமாரும், புனிதப் பயணமும் ஒருங்கே மறைந்தன. ஒரு சமுதாயத்தின் நடுத்தூணே சாய்ந்துவிட்டது.

இனி எப்படி வாழ்வது? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் பிறந்தன. யோகனான் பென் ஸக்காய் என்னும் பெரியார் யவ்னே என்ற ஊரில் அறிஞர்களைக் கூட்டினார். ஆலயம் இல்லாவிடினும் வேதக்கல்வியும், தொழுகையும், நற்செயலும் உள்ளவரை இறைவனோடு கொண்ட உடன்படிக்கை நிலைக்கும் என்பது அவர்கள் கண்ட வழி. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் அவ்வழியின் கனியாகும். ஈசா நபி (அலை) அவர்களைப் பின்பற்றியோரோ, மஸீஹ் வந்துவிட்டார், பழைய ஆலயத்தின் பணி அவரில் நிறைவெய்திவிட்டது என்றனர். ஆக, இன்றைய யூத சமயமும் கிறித்தவமும் தாயும் மகளும் என்பதைக் காட்டிலும், எரிந்துபோன ஒரே வீட்டிலிருந்து வெளியேறிய இரு சகோதரர்கள் என்பதே பொருத்தம். ஒவ்வொருவரும் தாம் காப்பாற்றிக்கொண்டு வந்ததே வீட்டின் உயிர் என்றனர்.

இதனோடு அரசின் கையும் சேர்ந்தது. யூதர் ஆண்டுதோறும் தம் ஆலயத்துக்குச் செலுத்தி வந்த காணிக்கையை, உரோமில் இருந்த ஜூபிடர் கோயிலுக்கு வரியாகச் செலுத்துமாறு பேரரசர் வெஸ்பாசியன் ஆணையிட்டார். சிலை வணக்கத்தை வெறுத்த ஒரு சமுதாயத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டோ? டொமிஷியன் காலத்தில் இவ்வரி மிகக் கடுமையாக வசூலிக்கப்பட்டது. தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர், விருத்தசேதனம் செய்தவரா என்று கூட்டம் நிறைந்த மன்றத்தில் சோதிக்கப்பட்டதைத் தாம் இளமையில் கண்டதாக உரோம ஆசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். கி.பி. 96இல் பதவிக்கு வந்த நெர்வா இக்கொடுமையை நீக்கி, அதனை அறிவிக்கும் நாணயமும் வெளியிட்டார்.

"நீ யூதனா, இல்லையா?" என்று கேட்டது இப்போது அறிஞர் அவை அன்று, வரி வசூலிப்பவன். இரண்டுமாக இருந்தவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. யூதர் என்றால் வரி; யூதர் அல்லர் என்றால் பழமையான சமயம் என்ற மதிப்பின் பாதுகாப்பு இல்லை. அச்சம் பலரை ஒரு பக்கமும், பலரை மறுபக்கமும் தள்ளியிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

பின்னர் கி.பி. 132 முதல் 135 வரை நடந்த இரண்டாம் பெருங்கிளர்ச்சி வந்தது. அதன் தலைவர் பார் கொக்பாவை, ரப்பி அகிவா என்னும் பேரறிஞர் மஸீஹ் என்றே போற்றினார் என்பது யூத மரபு. வேறொருவரை மஸீஹாக ஏற்றிருந்தவர்கள் அவர் கொடியின்கீழ் எவ்வாறு நிற்க முடியும்? கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஹாட்ரியன் புனித நகரின் பெயரையே ஏலியா காப்பிடோலினா என்று மாற்றி, யூதர் அதனுள் நுழையத் தடைவிதித்தார். அதன்பின் அந்நகரத்துக் கிறித்தவ சபைக்கு யூதரல்லாதவரே தலைவராயினர்.

கொள்கையின் பங்கு

இவ்வாறு கூறுவதால் கொள்கைக்கு இப்பிரிவில் பங்கில்லை என்பது நம் கருத்தன்று. இறைவன் ஒருவனே என்ற உறுதியே யூத சமயத்தின் உயிர். ஈசா நபி (அலை) அவர்களுக்குக் கிறித்தவர்கள் அளித்த நிலை தூதர் என்பதைக் கடந்து மேலே மேலே சென்று, 325ஆம் ஆண்டு நைசியா மாநாட்டில், தந்தையோடு ஒரே தன்மையர் என்ற தீர்மானமாக வடிவெடுத்தது. அந்த இடத்தில் யூதர் நிற்க முடியாது. நாமும் நிற்க முடியாது. இது மெய்யான வேறுபாடு. இதனை மூடிமறைப்பது எவருக்கும் மரியாதை செய்வதாகாது.

வார்த்தைகளும் இருபுறமும் கடுமையாயின. தொழுகையில் சமயப் பிறழ்வாளருக்கு எதிரான பிரார்த்தனை ஒன்று யவ்னேயில் சேர்க்கப்பட்டதாக யூதரின் தல்மூது கூறுகிறது. யோவான் பெயரால் வழங்கும் சுவிசேஷம், தொழுகைக் கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் மனப்புண்ணைக் காட்டுகிறது. அந்நூலில் 'யூதர்' என்ற சொல்லே எதிரிகள் என்ற பொருள்பட ஒலிக்கிறது. அதனை எழுதியவரும் யூதராயிருக்கலாம். ஆனால் பின்னாளில் படித்தவர்கள் யூதர் அல்லர். வீட்டுக்குள் ஒருவரையொருவர் சொல்லிக்கொண்ட கடுஞ்சொற்கள், அயலார் கையில் கிடைத்தபோது ஆயுதங்களாயின.

ஆயினும் மக்களின் வாழ்க்கை அத்துணை எளிதில் இரண்டாகவில்லை. 386, 387ஆம் ஆண்டுகளில், அதே அந்தியோக்கியாவில், யோவான் கிறிசோஸ்தம் என்னும் புகழ்பெற்ற பாதிரியார் யூதர்களுக்கு எதிராக மிகக் கடுமையான சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அவை பெரும்பாலும் நோக்கியது கிறித்தவர்களையே. அவருடைய சபையினர் யூதரின் பண்டிகைகளுக்குச் சென்றனர், யூதரோடு நோன்பிருந்தனர், தொழுகைக் கூடத்தில் செய்யும் சத்தியம் வலிமையானது என்று நம்பி அங்கே சென்று சத்தியம் செய்தனர். ஈசா நபி (அலை) அவர்களுக்குப்பின் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும், சாதாரண மக்கள் அண்டை வீட்டாராகவே வாழ்ந்தனர். சுவரை எழுப்பப் பாடுபட்டவர்கள் தலைவர்களே.

அதிகாரம் வந்தபோது

கருத்து வேறுபாட்டைப் பகைமையாக்கிய கடைசிப் படி எது? கிறித்தவத்தின் கைக்கு அரசு வந்ததே அந்தப் படி என்று நாம் கருதுகிறோம். 313இல் கான்ஸ்டன்டைன் ஆட்சியில் அதற்குச் சட்டபூர்வமான உரிமை கிட்டியது. 380இல் தியோடோசியஸ் அதனைப் பேரரசின் சமயமாக்கினார். எட்டே ஆண்டுகளில், 388இல், யூபிரட்டீஸ் நதிக்கரையில் இன்று ரக்கா எனப்படும் காலினிக்கம் நகரில், கிறித்தவக் கூட்டம் ஒன்று யூதரின் தொழுகைக் கூடத்தைக் கொளுத்தியது. அதனைத் திரும்பக் கட்டித்தர வேண்டுமென்று பேரரசர் உத்தரவிட்டார். மிலான் நகரப் பேராயர் அம்புரோஸ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். முடிவில் பேரரசர் பணிந்தார். குற்றம் நிகழ்ந்ததை யாரும் மறுக்கவில்லை. ஈடு செய்யவேண்டியதில்லை என்பதே வாதம்! மூன்று நூற்றாண்டுகள் உரோமின் கையால் துன்புற்ற ஒரு சமுதாயம், தன் கையில் வலிமை வந்தவுடன் தான் பட்டதை மறந்துவிட்டது.

இதன்பின் மூண்ட கொடுமைகளுக்கெல்லாம் அடிப்படையாகக் காட்டப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றுண்டு: ஈசா நபி (அலை) அவர்களின் சிலுவை மரணத்துக்கு எல்லா யூதரும், எல்லாக் காலத்து யூதரும் பொறுப்பு என்பது அது. 1965இல் வத்திக்கான் மாநாடு வெளியிட்ட அறிக்கையில்தான், அப்பழியை அக்காலத்து யூதர் அனைவர் மீதோ, இக்காலத்து யூதர் மீதோ சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது. அதற்குள் ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டுவிட்டனர்.

இவ்விடத்தில் நாம் நம்மை நோக்கியும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஈசா நபி (அலை) அவர்கள் சிலுவையில் உயிர்நீத்தார்கள் என்பதையே ஏற்காதவர்கள் நாம். தந்தை செய்த குற்றத்துக்கு மகன் பொறுப்பாளி அல்லன் என்பது நம் மார்க்கத்தின் அசைக்கமுடியாத நீதி. அப்படியிருக்க, இந்தப் பழைய குற்றச்சாட்டின் நிழல் நம் பேச்சில் விழ நியாயமே இல்லை. அரசியல் அநீதிகளை அநீதி என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஃபலஸ்தீன மக்களின் துயரை எண்ணி நெஞ்சு நோகும் கடமையும் உண்டு. ஆனால் ஓர் அரசு செய்வதை ஒரு சமயத்தின் மீதும், அதனைப் பின்பற்றும் ஒவ்வொரு மனிதர் மீதும் ஏற்றிப் பேசுவது, கிறிசோஸ்தம் செய்த தவற்றையே நாமும் செய்வதாகும்.

நம் முன்னோர் வேறொரு வழியையும் காட்டியிருக்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் பைத்துல் முகத்தஸ் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியின்கீழ் வந்தது. அங்கிருந்த கிறித்தவர்களின் ஆலயங்கள் அவர்களிடமே விடப்பட்டன. நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டிருந்த யூதரும் முஸ்லிம்களின் ஆட்சியில் அந்நகரில் மீண்டும் குடியேறினர். எந்தப் பந்தியில் அவர்களிடையே பிளவு தோன்றிற்றோ அந்தப் பந்தியைப் பற்றி நம் மார்க்கம் கூறுவது யாது? வேதக்காரர்களின் உணவு நமக்கு ஆகும். நம் உணவு அவர்களுக்கு ஆகும் என்பதன்றோ? கொள்கையில் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்காமலே பந்தியில் சேர்ந்து அமரலாம் என்பதே அதன் பொருள்.

இந்தப் படிப்பினை பிற சமயத்தாரோடு நாம் பழகும் முறைக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுக்குள்ளும் மத்ஹபின் பெயராலும், அமைப்புகளின் பெயராலும் வேறுபாடுகள் உள்ளன. ஒருவர் மற்றவரைப் பின்தொடர்ந்து தொழ மறுப்பதும், ஒரே தெருவில் பள்ளிவாசல் இரண்டாவதும், ஒரு வீட்டு நிக்காஹ் விருந்தை மறுவீட்டார் புறக்கணிப்பதும் நாம் காணாத காட்சிகளா? விவாதம் தவறன்று. ஹில்லலும் ஷம்மாயும் விவாதித்தனர்; நம் இமாம்களும் விவாதித்தனர். எதிர்த்து வாதிடுபவரைப் பந்தியிலிருந்து எழுப்பும்போதும், நமக்குள் பேசிய கடுஞ்சொல்லை அயலார் கையில் கொடுக்கும்போதும், வலிமை வந்தவுடன் பட்ட துன்பத்தை மறக்கும்போதுமே வீடு இரண்டாகிறது.

வேறுபாடு மனித இயல்பில் உள்ளது. இறைவன் நாடியிருந்தால் எல்லாரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான் என்பதை நாம் அறிவோம். அவ்வாறு ஆக்காததில் நமக்கொரு சோதனை இருக்கிறது. பகைமை அப்படியன்று, அதனை மனிதர் தம் கையாலேயே தேடிக்கொள்கின்றனர். பதினெட்டு நூற்றாண்டுகளின் இந்த வழக்கைப் படித்தபின், நம் பங்குக்கு நாம் எதைத் தேடிக்கொள்ளப் போகிறோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்கக் கடவது. நேர்வழியையும் நிதானத்தையும் வல்ல இறைவன் நமக்கு நல்குவானாக!